சம்மதக் கையெழுத்து

மார்ச் 4, சனி

இன்று பதினோராவது வீட்டைப் பார்த்தோம். பியூலாவுக்கு ஆஸ்பத்திரியில் விடுப்பு. எனக்கும் கிடங்கில் சனிக்கிழமை வேலை கிடையாது. டல்லமோர் ஊருக்குள்ளேயே, கால்வாய்க் கரையிலிருந்து பத்து நிமிட நடை. ஒரே சுவரில் ஒட்டி நிற்கும் இரண்டு வீடுகளில் வலது பக்கத்து வீடு. மேலே மூன்று அறைகள், கீழே கூடமும் சமையலறையும். வீட்டுக்கார அம்மாள் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டாராம். மகன் விற்கிறார்.

நான் கவனித்தவை: குளியலறைக் கூரையில் ஈரக்கறை. பின்பக்கத் தோட்டம் வடக்குப் பார்த்தது, வெயில் விழாது. படிக்கட்டு செங்குத்து. வெந்நீர்க் கொதிகலன் பழசு. கெசியாவின் பள்ளிக்கூடம் இப்போது இருப்பதைவிடத் தூரம்.

பியூலா சமையலறையில் ஒரு இழுப்பறையைத் திறந்து மூடினாள். மறுபடியும் திறந்து மூடினாள். கெசியா மாடிக்கு ஓடிப்போய்ச் சின்ன அறையில் நின்றுகொண்டு, "இது என் ரூம்!" என்று கத்தினாள். பத்து வயதுக்கு அவளுக்குக் குரல் அதிகம்.

வெளியே வந்ததும் பியூலா கேட்டாள். "என்னங்க, எப்படி இருக்கு?"

"ஈரம் இருக்கு."

"அயர்லாந்துல ஈரம் இல்லாத வீட்டுக்கு எங்க போக?"

"தோட்டமும் வடக்கு பாத்து கெடக்கு."

"பத்து வீட்டுக்கும் ஒவ்வொண்ணு சொன்னிய." அவ்வளவுதான்.

உண்மையில் பத்து வீட்டிலும் குறை இருந்தது. கண்ணில் படுகிற குறையைச் சொல்லாமல் இருப்பது சரியல்ல.

மார்ச் 7, செவ்வாய்

மழை. கிடங்கில் இன்று முழுக்கப் பூனை உணவுப் பெட்டிகள்.

மார்ச் 13, திங்கள்

நாங்கள் கேட்ட விலைக்கு அந்தப் பதினோராவது வீட்டைத் தர ஒப்புக்கொண்டுவிட்டார்கள். பியூலா வார்டிலிருந்து போன் செய்தாள். பின்னால் யாரோ கைதட்டுவது கேட்டது. "சந்தோசமா?" என்றாள். "சந்தோசம்" என்றேன்.

சாயங்காலம் வங்கியிலிருந்தும் தகவல் வந்தது. கடன் பியூலா பெயரில் மட்டும்தான் கிடைக்கும். அவளுடையது நிரந்தர வேலை. என்னை ஓர் ஏஜென்சி வாரத்துக்கு வாரம் அனுப்புகிறது. அதை வருமானமாக எடுத்துக்கொள்ள முடியாதாம். வங்கி சொல்வதில் நியாயம் இருக்கிறது. பியூலா பத்திரத்திலாவது என் பெயரைச் சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வங்கி சொல்வதில் நியாயம் இருக்கிறது.

கிடங்கில் எல்லாரும் என்னை ஜான் என்கிறார்கள். ஞானதுரை என்ற பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை. ஜானும் நல்ல பெயர்தான். வேதாகமத்தில் உள்ள பெயர்.

மார்ச் 14, செவ்வாய்

அட்டைப்பெட்டி அறுக்கும் கத்தி கட்டைவிரலில் பட்டுவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை.

மார்ச் 21, செவ்வாய்

ஊரில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலிருந்து மின்னஞ்சல். என் ஊதியமில்லா விடுப்பு மே 31 அன்று முடிகிறது. ஏற்கெனவே ஒருமுறை நீட்டித்தாயிற்று, இனி நீட்டிக்க வழியில்லை. ஜூன் முதல் தேதி பணியில் சேராவிட்டால் முதுகலை இயற்பியல் ஆசிரியர் இடம் காலி என்று அறிவிப்பார்கள். பதினாறு வருட சர்வீஸ்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தலைமையாசிரியர் செல்லையா சாரும் போனில் வந்தார். "வாரீயளா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லிட்டியன்னா நான் தாளாளர்கிட்ட பேசிருவேன். பிளஸ் டூ பயலுவ உங்களக் கேட்டுக்கிட்டே இருக்கானுவ."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

பியூலாவிடம் சொல்லவில்லை. இந்த வாரம் அவளுக்கு வேலை அதிகம்.

ஏப்ரல் 5, புதன்

பள்ளிக்கூடத்துக்குப் பதில் அனுப்பினேன். ஜூன் 1 அன்று பணியில் சேர்கிறேன் என்று எழுதியிருக்கிறேன். கேட்டவர்களுக்குப் பதில் போடாமல் இருப்பது மரியாதை இல்லை. முடிவு என்று எதுவும் எடுக்கவில்லை.

ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து ஆட்டுக்கறியும் இடியாப்பமும் சாப்பிட்டோம். கெசியா தன் புது அறையின் படத்தை வரைந்து, கட்டில் எங்கே, மேசை எங்கே என்று விளக்கினாள். என்ன வண்ணம் பூசலாம் என்று அம்மாவைக் கேட்டாள். பியூலா அதிகம் பேசவில்லை. இரண்டு நாள் நைட் டியூட்டி பார்த்த களைப்பு.

ஏப்ரல் 15, சனி

வீட்டைச் சோதித்த பொறியாளரின் அறிக்கை வந்தது. முப்பத்திரண்டு பக்கம். பென்சிலோடு உட்கார்ந்து முழுவதும் படித்தேன். பதினான்கு இடங்களில் கோடிட்டேன். பியூலா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"வீடு வாங்குதியளா, பேப்பர் திருத்துதியளா?"

"பதினாலு தப்பு இருக்கு."

"பாஸா, பெயிலா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் பதிலுக்காக நின்றாள். "பாடர்ல நிக்குது" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுப் போய்விட்டாள். தேநீரில் சீனி போட மறந்திருந்தாள்.

ஏப்ரல் 22, சனி

சும்மா தெரிந்துகொள்ள விமான டிக்கெட் பார்த்தேன். மே 28, டப்ளினிலிருந்து திருவனந்தபுரம், ஒரு ஆள்.

மே 3, புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

குடும்பம் குடியிருக்கப்போகிற வீட்டை ஒருவர் பெயரில் மட்டும் அடமானம் வைத்தால், மற்றவர் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த மற்றவர் தனியாக வேறொரு வக்கீலைப் பார்த்து, விவரம் புரிந்துதான் போடுகிறார் என்று அந்த வக்கீல் சான்று தர வேண்டும். இந்த ஊர் வழக்கம் அப்படி. அரைமணி நேர வேலை என்று பியூலாவின் வக்கீல் சொல்லியிருந்தார். கிடங்கில் சொல்லிவிட்டு மதியம் போனேன்.

திருமதி டெலனி என்ற வக்கீல். அறுபது வயது இருக்கும். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, கடன் கட்டாமல் போனால் என்ன ஆகும், வீட்டின் மேல் எனக்கு என்ன உரிமை என்று விளக்கினார். எல்லாம் புரிந்தது. பேனாவை என் பக்கம் நகர்த்தினார். அதிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார்:

"இதில் உங்களுக்கு விருப்பமா?"

"குளியலறைக் கூரையில் ஈரம் இருக்கிறது. தோட்டம் வடக்குப் பார்த்தது" என்றேன்.

"நீங்கள் வீட்டைப் பற்றிச் சொல்கிறீர்கள். நான் உங்களைப் பற்றிக் கேட்டேன்."

"என் மனைவிக்கு ரொம்ப விருப்பம்."

"அவருடைய விருப்பத்தை அவருடைய வக்கீல் கேட்டிருப்பார்."

மேசையில் அவருடைய தண்ணீர்க் கோப்பை இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அவசரப்படவில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளிக்கூடம், ஜூன் 1, நான் அனுப்பிய பதில், மே 28 விமானம். ஆங்கிலத்தில் நான் இவ்வளவு நீளமாகப் பேசியது இந்த ஊரில் இதுதான் முதல் தடவை.

"இது உங்கள் மனைவிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அவர் பேனாவை மூடினார். "இன்று உங்களைக் கையெழுத்துப் போட விடமாட்டேன். அடுத்த புதன்கிழமை வாருங்கள். வந்து போடலாம், போடாமலும் போகலாம். அதற்குள் அவரிடம் பேசிவிடுங்கள்."

மே 3, மாலை

கெசியா நீச்சல் வகுப்புக்குப் போயிருந்தாள். பியூலா சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கையெழுத்து முடிந்ததா என்று கேட்டாள். இல்லை என்றேன். ஏன் என்று கேட்கவில்லை.

"பியூலா, பள்ளிக்கூடத்துல இருந்து..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஜூன் ஒண்ணாந்தேதி. ஈஸ்டருக்கு முந்தின நாளு கெசியா ஹோம்வொர்க்குக்குக் கம்ப்யூட்டரத் தொறந்தேன். உங்க மெயில் அப்படியே கெடந்துச்சு. 'பணியில் சேர்கிறேன்'னு எழுதியிருந்திய."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லுவியன்னு பாத்தேன். ஒரு மாசமா பாக்கேன். நீங்க பாத்ரூம் கூரையப் பத்தியே சொல்லிக்கிட்டு இருந்திய."

அப்போது நான் சொன்னேன்: "உனக்காகத்தான் நான் இந்த ஊருக்கு வந்தேன், பியூலா. வேலைய விட்டுட்டு, மரியாதைய விட்டுட்டு."

அவள் பூண்டைத் தட்டில் வைத்தாள். "எனக்காகவா? அப்ப நான் யாருக்காக வந்தேன்?"

இதற்கு நான் சொன்ன பதிலை எழுதப்போவதில்லை. நல்ல பதில் அல்ல.

மே 4, வியாழன்

பேச்சு இல்லை. மீன்குழம்பு நன்றாக இருந்தது.

மே 6, சனி

பியூலா டியூட்டிக்குப் போயிருக்கிறாள். இதுவரை எழுதாத ஒன்றை எழுதுகிறேன்.

வெளிநாட்டுக்குப் போ என்று அவளை அனுப்பியது நான். நர்சுகளுக்கான ஆங்கிலத் தேர்வு விளம்பரத்தைப் பேப்பரிலிருந்து வெட்டி வைத்தது நான். அவளுக்கு வரப் பிரியமில்லை. சாயர்புரத்தில் ஆஸ்பத்திரி வேலை, சாயங்காலம் வீடு, அதுவே போதும் என்றாள். நான்தான் கணக்குப் போட்டுக் காட்டினேன். தினமும் சாப்பிட்ட பிறகு அதே மேசையில் உட்காரவைத்து, மாணவிக்குச் சொல்லித் தருவதுபோலச் சொல்லித் தந்தேன். இரண்டு தடவை தேறவில்லை. இரண்டாவது தடவை முடிவு வந்த அன்று, "போதும்ங்க, என்ன விட்டுருங்க" என்று அழுதாள். நான் மூன்றாவது தடவைக்குப் பணம் கட்டிவிட்டு வந்து சொன்னேன். தேறிவிட்டாள்.

அப்போது கெசியாவுக்கு ஆறு வயது. ஒரு வருடத்தில் எல்லாரும் சேர்ந்துவிடலாம் என்றேன். கொரோனா வந்தது. இரண்டரை வருடம் ஆயிற்று. பியூலா நாலு பெண்களோடு ஒரு வீட்டில், பிளாஸ்டிக் உறைக்குள் பன்னிரண்டு மணி நேர டியூட்டி. போனில் அழுவாள். "பழகிரும்" என்பேன். அந்த வார்த்தையை எத்தனை தடவை சொன்னேன் என்று எண்ணவில்லை.

நாங்கள் டப்ளின் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது அவள் ஓடிவந்து கெசியாவின் முன்னால் மண்டியிட்டாள். பெரிய சாக்லேட் பெட்டி ஒன்றை நீட்டினாள். கெசியா என் கையை விடாமல் வாங்கிக்கொண்டு, "தேங்க் யூ" என்றாள். பக்கத்து வீட்டு ஆளிடம் சொல்வதுபோல. பியூலாவும், "யூ ஆர் வெல்கம்" என்றாள்.

அவளுக்காக வந்தேன் என்று இரண்டு வருடமாக இந்த நோட்டில் எழுதிவருகிறேன். பின்னால் புரட்டிப் பார்த்தேன். பல இடங்களில் இருக்கிறது.

மே 7, ஞாயிறு

ஆராதனை முடிந்து கெசியாவை அவள் சிநேகிதி வீட்டில் விட்டோம். கால்வாய்க் கரையில் நடக்கலாமா என்று பியூலாதான் கேட்டாள். நல்ல வெயில். வாத்துகள் இருந்தன.

"நீங்க போகணும்னா போங்க" என்றாள். "நான் தடுக்கமாட்டேன். கோவத்துல சொல்லல. ஆனா கெசியாவ விடமாட்டேன். இன்னொரு தடவ அவள ஏர்போர்ட்டுல பாக்க என்னால முடியாது."

"வீடு?"

"வேண்டாம்னா விட்டுருவோம். வாடகைக்கே இருந்துக்கிடுவோம். நாலு வருசத்துல அஞ்சு வீடு மாறியாச்சு, ஆறாவதும் மாறுவோம். ஆனா ஈரம், வடக்குன்னு சொல்லாதிய. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. நான் கேக்கேன்லா? வாயத் தொறந்து சொல்லுங்க."

நான் நின்றுவிட்டேன்.

"எனக்குப் பயமா இருக்கு."

"எதுக்கு?"

"அங்க நான் சார். பஸ் ஸ்டாண்டுல எறங்குனா நாலு பேரு எந்திரிச்சு வணக்கம் சொல்லுவான். இங்க நான் பெட்டி தூக்குதேன். சேருதேன்னு எழுதிப் போட்டுட்டா, என்னைக்கோ ஒரு நாளு திரும்பப் போயிரலாம்னு இருக்கும். அதுவும் இல்லன்னா நான் யாரு?"

அவள் ஆறுதல் சொல்லுவாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. "எனக்கும் மொத ரெண்டு வருசம் அப்படித்தான் இருந்துச்சு" என்றாள். "பழகல. சும்மா இருக்கக் கத்துக்கிட்டேன்."

கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னேன். "அன்னைக்கு நீ அழுதப்போ நான் நிப்பாட்டியிருக்கணும்."

அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். "ஆமா" என்றாள். "நிப்பாட்டியிருக்கணும்."

ஆனால் திரும்பி வரும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மே 9, செவ்வாய்

ராஜினாமாக் கடிதம். மூன்று தடவை எழுதினேன். முதலாவது ஒன்றரைப் பக்கம். இரண்டாவதில் நன்றி அதிகம். மூன்றாவது நாலு வரி. அதை அனுப்பினேன்.

இதைத் தியாகம் என்று எங்கேயும் எழுதிவைக்கக் கூடாது. பியூலா வேண்டாம் என்று அழுதபோது நான் கேட்கவில்லை. நான் வாயே திறக்காதபோதும் அவள் என்னிடம் கேட்டாள். நான் பார்த்த வித்தியாசம் இவ்வளவுதான். வேறு பெரிய காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

செல்லையா சாருக்குப் போன் செய்தேன். "நல்லா யோசிச்சியளா?" என்றார். யோசித்தேன் என்றேன். "சரி, பிள்ளையும் குட்டியுமா நல்லா இருங்க" என்றார். வைத்த பிறகு கிடங்கின் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

மே 10, புதன்

திருமதி டெலனி அதே கேள்வியைக் கேட்டார். பயம் இருக்கிறது, விருப்பமும் இருக்கிறது என்றேன். "இரண்டும் இருக்கலாம். சட்டம் ஒன்றைத்தான் கேட்கிறது" என்று பேனாவைக் கொடுத்தார். ஏழு இடத்தில் கையெழுத்து.

மே 31, புதன்

வேலைக்குப் போனேன். வந்தேன்.

ஜூன் 1, வியாழன்

காலை ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. இங்கே விடிந்து வெளிச்சமாக இருந்தது. அங்கே ஒன்பதரை, பிரேயர் மணி. பியூலாவும் தூங்கவில்லை என்று தெரிந்தது. ஒன்றும் கேட்கவில்லை. எழுந்துபோய் இரண்டு பேருக்கும் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். ஐந்து மணிக்கு என்ன காப்பி என்று நானும் கேட்கவில்லை.

ஜூன் 16, வெள்ளி

சாவி கிடைத்துவிட்டது.

பியூலா வாசல்படியில் நின்று ஜெபம் செய்தாள். "ஆண்டவரே, இந்த வீட்டை..." என்று தொடங்கியவள் மேலே போக முடியாமல் நின்றுவிட்டாள். உதடு மட்டும் அசைந்தது. நான் முடிக்கலாமா என்று நினைத்தேன். அதற்குள் கெசியா அவள் பக்கத்தில் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆமென். கதவத் திறங்கம்மா" என்றாள். அம்மாவின் கையை.

நான் சாமான் பெட்டியை வேறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

பெரிய அலமாரி படிக்கட்டு வளைவில் மாட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் நோயல், ஓய்வுபெற்ற பஸ் மெக்கானிக், சத்தம் கேட்டு வந்தார். கதவுகளைக் கழற்றினால் போகும் என்றார். போயிற்று. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஊரில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார்.

"பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தேன். இயற்பியல்."

"அப்படியா" என்றார். "அந்தக் கொதிகலனை மட்டும் குளிர்காலத்துக்கு முன்னால் மாற்றிவிடுங்கள்."

ஜூலை 8, சனி

பியூலா டியூட்டி. கெசியாவின் அறைக்கு வண்ணம் குறைந்துவிட்டது. இன்னொரு டப்பா வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பும் வழியில் இந்திய எண்ணிலிருந்து ஓர் அழைப்பு.

"சார், வணக்கம் சார். நான் ஹெப்சிபா. உங்க போஸ்டுக்கு வந்திருக்கேன் சார். செல்லையா சார்தான் நம்பர் தந்தாவ. தொந்தரவு இல்லையே?"

இல்லை என்றேன். சின்ன வயதுக் குரல். அங்கே சனிக்கிழமை மாலை நாலரை மணி. ஆய்வகத்தில் தனியாக இருக்கிறாராம்.

"ஸ்பெக்ட்ரோமீட்டர் லெவலே ஆக மாட்டேங்கு சார். ரெண்டு நாளா பாக்கேன். திங்கக்கிழம பிளஸ் டூக்கு பிராக்டிகல். எனக்குத்தான் செய்யத் தெரியலையோன்னு பயமா இருக்கு."

"மூணாவது மேசைல வச்சிருக்கியளா?"

"ஆமா சார்."

"அங்க வச்சா நியூட்டன் வந்தாலும் லெவல் ஆகாது. அந்த மேசையே சரிவு. சன்னல் பக்கத்து மேசைக்கு மாத்துங்க. மொதல்ல கால் திருகு மூணையும் சமமா வச்சிட்டுப் பெறவு தொடங்குங்க."

போனைக் கீழே வைத்துவிட்டு அவர் மேசை மாற்றும் சத்தம் கேட்டது. நான் நடைபாதையில் வண்ண டப்பாவோடு நின்றேன். ஐந்து நிமிடம் இருக்கும்.

"சார், லெவல் நின்னுட்டு சார்!"

பிறகு நான் நிறுத்தவில்லை. நல்ல ப்ரிஸங்கள் மேல் அலமாரியில் பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. பயல்களிடம் முதலிலேயே கொடுக்க வேண்டாம். சோடியம் விளக்கு பத்து நிமிடம் சூடாக வேண்டும், அதற்குள் கெட்டுப்போயிற்று என்று அணைத்துவிடக் கூடாது. எந்த வருடமும் கடைசி பெஞ்சில் உட்காருகிறவன் அளவைச் சரியாக எடுப்பான், ஆனால் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து மாற்றிவிடுவான்; அவனைத் தனி மேசையில் விடுங்கள். ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொள்வது தெரிந்தது. எனக்குத் தெரிந்ததில் பாக்கி என்ன இருக்கிறது என்று யோசித்து யோசித்துச் சொன்னேன். கடைசியில் சொல்ல எதுவும் இல்லை.

"சார் ஊருக்கு எப்ப வருவிய? ஒரு தடவ லேபுக்கு வந்தியன்னா நல்லா இருக்கும்."

"கிறிஸ்மஸுக்கு வருவோம். ரெண்டு வாரம் இருப்போம். வாரேன்."

அப்போது கையில் ஒரு சொட்டு விழுந்தது. மேலே பார்த்தேன். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது.

"டீச்சர், வச்சிரட்டுமா? மழை வருது. வீட்டுல துணி காயப் போட்டிருக்கேன்."

டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நான் போவதற்குள் பாதி நனைந்துவிட்டது.